டாடா 207 ஐடிலில் உதறுகிறது, பாதி டேங்குக்குக் கீழே போனால் நின்றுவிடுகிறது. டீசல் பம்பைக் கழற்றலாமா?

தோப்புவண்டி:

வணக்கம். ஊர் பொள்ளாச்சி பக்கம். அப்பா வைத்திருந்த டாடா 207 டி.ஐ., 2006 மாடல், இப்போது என் கையில். தேங்காய், மட்டை, உரமூட்டை என்று தோப்பு வேலைக்குத்தான் ஓடுகிறது, எப்போதாவது வால்பாறைக்கு லோடு ஏறும். டிரைவர் வேலையை விட்டுப் போனதில் சில மாதம் ஷெட்டில் சும்மா கிடந்தது. அதற்கு அப்புறம்தான் இத்தனை தொல்லையும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நிறைய நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. எடுத்ததும் வெள்ளைப் புகை, பின்னால் நின்றால் கண் எரிகிறது. ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) கேபின் மொத்தமும் ஆடுகிறது. சூடு ஏறினால் உதறல் குறையும், ஆனால் முழுக்கப் போகாது. அது போக, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே ரேஸ் தானாக ஏறி ஏறி இறங்குகிறது. டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது ரேஸ் சரியாக நிற்கிறது, முள் பாதிக்குக் கீழே வந்ததும் ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் ஏற்றத்தில் போனால் புல்லிங் போய் வண்டியே நின்றுவிடும். இறங்கி ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும்.

டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று. ஏர் ஃபில்டர் சுத்தம். பேட்டரி புதுசு. ஒரு மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துக் கொடுத்தார், உதறல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது, இப்போது சிக்னலில் நின்றாலே வண்டி கத்துகிறது. பம்ப் கடையில் கேட்டால் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு நாசிலும் கழற்றி முழு வேலை செய்ய வேண்டும், 30,000 ரூபாயைத் தாண்டும் என்கிறார்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) வேறு வருகிறது. இவ்வளவு பழைய வண்டிக்கு அத்தனை பணம் போடலாமா, அல்லது அதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற புது முறை) கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்ப்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.


பழைய டீசல்:

தம்பி, பம்பைத் தொடாதீங்க. இப்போதைக்கு ஸ்பேனரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நான் பம்ப் நாசில் வேலையில் இருந்தவன், அதனால் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி "முள் பாதிக்குக் கீழே வந்ததும்" என்பதுதான். டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பது பம்புக்குத் தெரியாது. தேய்ந்த பம்ப் டேங்க் நிறைந்திருந்தாலும் தேய்ந்த பம்ப்தான். டேங்க் அளவைப் பொறுத்து ஒரு கோளாறு வந்து போகிறதென்றால் அது டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கிற சின்ன ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறது, பெரும்பாலும் டேங்குக்கு உள்ளேயே.

டீசல் லைனில் ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சல், அதற்கு அப்புறம் தள்ளல். தள்ளுகிற பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகும், ஈரம் தெரியும், வாசனை வரும், குழந்தை கூடக் கண்டுபிடிக்கும். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுக் கூட வெளியே வராமல் இருக்கலாம், காற்று உள்ளே போகும். அதனால்தான் பாதிப் பேர் எல்லா இடமும் துடைத்துப் பார்த்து "லீக் இல்லை" என்று முடிவு கட்டி பம்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

காற்றுக் குமிழி பம்புக்குள் போனால், டீசல் அழுத்தப்படுவதற்குப் பதில் குமிழி சுருங்கும், அந்த ஸ்ட்ரோக்குக்கு நாசில் சரியாகத் திறக்காது. ஆர்.பி.எம். விழும். விழுந்ததைப் பார்த்து, ரேஸைச் சீராக வைக்கிற கவர்னர் டீசலைக் கூட்டும், அதற்குள் குமிழி கடந்து போயிருக்கும், ரேஸ் ஜிவ்வென்று ஏறும், கவர்னர் மறுபடி குறைக்கும், அடுத்த குமிழி வரும். உங்கள் வண்டி தானாக ஏறி இறங்குவது இதனால் இருக்க வாய்ப்பு அதிகம்.

டேங்குக்குள் இறங்குகிற பிக்கப் பைப்பில் பாதி உயரத்தில் துருவோ விரிசலோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டீசல் அந்த விரிசலுக்கு மேலே இருக்கும் வரை பைப் விரிசல் வழியாகவும் டீசலைத்தான் உறிஞ்சும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். ஏற்றத்தில் டேங்கே சாய்வதால் அதே அளவு டீசல் இருந்தும் விரிசல் வெளியே வந்துவிடும். இதுதான் கோளாறு என்று சத்தியம் செய்யவில்லை, ஆனால் நீங்கள் சொன்ன அத்தனைக்கும் பொருந்துகிறது.

சோதிப்பதற்குச் செலவே கிடையாது. ஒரு சுத்தமான 5 லிட்டர் கேனில் புது டீசல் எடுங்கள். டேங்கிலிருந்து வரும் லைனை ஃபீட் பம்ப் பக்கம் கழற்றி, அங்கே புது ஹோஸ் மாட்டி கேனுக்குள் விடுங்கள். ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேன் டீசல் எல்லாம் டேங்குக்குப் போய்ச் சேரும். கேனை பானெட் மேல் தூக்கி வைக்காதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், மேலிருந்து தானாக இறங்குவதால் சோதனையில் எல்லாம் பாஸ் ஆகிவிடும், ஃபீட் பம்ப் செத்திருந்தாலும் தெரியாது. கேனைத் தரையில் வையுங்கள், டேங்க் இருக்கிற மட்டத்துக்கு. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து அரை மணி ஓட விடுங்கள். ரேஸ் ஆடாமல் நின்றால் குற்றவாளி டேங்க் பக்கம். அப்படியும் ஆடினால் ஃபீட் பம்ப், ஃபில்டர் ஹவுசிங், வாஷர், அப்புறம் பம்ப் என்று முன்னால் வரலாம்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி தெளிந்தால் மூடியில் காற்று போகிற ஓட்டை அடைத்திருக்கிறது. தோப்பு மண்ணுக்கு இது சாதாரணம்.


நாமக்கல் லோடு:

எல்லாம் சரி அண்ணா, ஆனால் இப்போது பங்கில் வருகிற டீசலைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. 2006 வண்டி பி.எஸ். 2 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) காலத்தது. அன்றைக்கு டீசலில் சல்பர் 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 டீசல், 10 பி.பி.எம். தான். சல்பர் எடுத்த டீசலில் வழுவழுப்பு கிடையாது, பழைய பம்ப் எல்லாம் அதில்தான் சாகிறது. எங்கள் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் டேங்குக்கு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றுகிற ஆயில்) கொஞ்சம் ஊற்றித்தான் ஓட்டுகிறார்கள், சத்தமே மாறிவிடும். நீங்களும் ஊற்றிப் பாருங்கள். சிலர் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள், நாசில் சுத்தமாகும் என்று.


பழைய டீசல்:

நாமக்கல்லாரே, பாதி சரி. சல்பரை எடுக்கும்போது வழுவழுப்பும் குறைகிறது என்பது உண்மை, ஆனால் அப்படியே பங்குக்கு அனுப்புவதில்லை, அதை ஈடுகட்டச் சேர்க்கை கலந்துதான் வருகிறது. பழைய பம்புகளில் நான் பார்த்த தொல்லை வேறு இடத்தில். பல வருடம் பழைய டீசலில் ஊறிய ரப்பர் சீல், புது டீசலுக்கு மாறியதும் சுருங்கும். ஆக்சிலேட்டர் லீவர் நிற்கிற ஷாஃப்ட் ஓரத்திலும் மேல் மூடி ஓரத்திலும் ஈரம் கசியும். அந்த வழியாக வண்டி நின்றிருக்கும்போது காற்றும் உள்ளே போய், டீசல் பின்னால் இறங்கிவிடும். காலையில் செல்ஃப் நிறைய இழுக்க அதுவும் ஒரு காரணம் ஆகலாம். எனவே தோப்புவண்டி, பம்பின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் கிட் (ரப்பர் சீல்களை மட்டும் மாற்றுவது) போதும். முழு வேலை வேறு, சீல் கிட் வேறு.

2டி ஆயில் ஊற்றினால் கெடுதல் பெரிதாக ஒன்றும் இல்லை, கோளாறும் போகாது, உங்கள் திருப்திக்கு. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது டீசலை விட மெல்லிசு. இந்த இடத்தில் பம்பில் நாலு பைப்பும் எப்படிக் கிளம்புகிறது என்று பாருங்கள். வரிசையாக நின்றால் இன்லைன் பம்ப், அதன் கேம் பக்கத்துக்காவது ஆயில் இருக்கிறது. வட்டமாகக் கிளம்பினால் ரோட்டரி, அதற்கு உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் டீசல்தான் ஆயில். தண்ணீர், மண்ணெண்ணெய், காற்று மூன்றுமே அதற்கு விஷம். சட்டப்படி அது கலப்படம் என்பது தனிக் கதை.


தோப்புவண்டி:

பழைய டீசல் அண்ணா, நன்றி. சொன்ன மாதிரியே கேனைத் தரையில் வைத்து ஓட்டினேன். ரேஸ் ஆடவே இல்லை! ஒரே சீராக நின்றது. கேனைக் கழற்றி மறுபடி டேங்க் லைனை மாட்டியதும் (முள் கால்வாசியில் இருந்தது) பழையபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. டேங்க் மூடியைத் திறந்தும் பார்த்தேன், சத்தமும் இல்லை மாற்றமும் இல்லை. பம்ப் வெளியே காய்ந்துதான் இருக்கிறது.

ஆனால் ஒரு குழப்பம். கேனில் ஓடினபோதும் ஐடில் உதறல் போகவில்லை. ரேஸ் ஆடுவது நின்றதே தவிர கேபின் ஆடுவது நிற்கவில்லை. காலையில் கேனிலேயே ஸ்டார்ட் செய்தேன், முன்பை விடச் சீக்கிரம் பிடித்தது, ஆனால் அதே வெள்ளைப் புகை, அதே கண் எரிச்சல். அப்படியென்றால் பம்பும் சேர்ந்து போய்விட்டதா?


வெள்ளிமலை பட்டறை:

நான் உள்ளே வரலாமா. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒரே கோளாறு என்று நினைத்துத் தேடுவதால்தான் குழப்பம். உங்கள் வண்டிக்கு இரண்டு தனித்தனி வியாதி. ரேஸ் ஏறி இறங்குவது ஒன்று, அது டேங்க் பக்கம் என்று கேன் சொல்லிவிட்டது. உதறல் இன்னொன்று. ரேஸ் ஆடுவதற்கும் மிஸ்ஸிங்குக்கும் வித்தியாசம் உண்டு. மிஸ்ஸிங் என்றால் நாலில் ஒரு சிலிண்டர் வேலைக்கு வரவில்லை, நாலு அடிக்கு ஒரு முறை தவறாமல் விழும். சைலன்சர் முனையில் ஒரு பழைய துணியையோ காகிதத்தையோ லேசாகப் பிடித்துப் பாருங்கள், தாளம் தப்பாமல் நாலில் ஒன்று குறைந்து அடித்தால் ஒரு சிலிண்டர் சோம்பேறி. தாளம் ஒழுங்காக இருந்தும் கேபின் ஆடினால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம், அதற்கு டீசலில் தேடி அலைய வேண்டாம். பழைய 207-இல் மவுண்டிங் ரப்பரை யாரும் மாற்றியதாகவே சரித்திரம் கிடையாது.

மிஸ்ஸிங்தான் என்று தெரிந்தால் எந்த சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்து ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டர் வாய்க்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்கிற சிலிண்டரில் உடனே சுர்ரென்று காயும், சோம்பேறி சிலிண்டரில் சொட்டு அப்படியே நிற்கும். சொட்டுதான், மக்கில் அள்ளி ஊற்றி வார்ப்பிரும்பை வெடிக்கவைத்துவிடாதீர்கள். வெப்பம் பார்க்கிற கன் இருந்தால் இன்னும் நல்லது. கொரோனா சமயத்தில் நெற்றிக்குப் பிடித்த கன் உதவாது, அது உடம்புச் சூடு அளவுக்கு மேல் காட்டாது. பட்டறைக்கு என்று விற்கிறதுதான் வேண்டும்.

உறுதி செய்ய, ஐடிலில் ஓடும்போது நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும், சத்தம் மாறும். தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் அதுதான் ஆள். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, நட்டைச் சுற்றித் துணி கட்டி, ரொம்பக் கவனமாக. இந்த டைரக்ட் இன்ஜெக்ஷன் நாசில் திறப்பதே 200 பார் அளவுக்கு மேலேதான். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் முள் குத்தின அடையாளம்தான் இருக்கும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகி விரலே போகும். அப்படி ஆனால் மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி, "டீசல் உள்ளே ஏறியது" என்று சொல்ல வேண்டும். லீக்கைக் கை வைத்துத் தேடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

வெள்ளைப் புகை, கண் எரிச்சல் என்றால் எரியாத டீசல் வெளியே வருகிறது. அதே சிலிண்டரில் நாசில் சொட்டுகிறது, அல்லது கம்ப்ரஷன் குறைவு. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க நாசிலை இடம் மாற்றினால் போதும். சோம்பேறி சிலிண்டரின் நாசிலையும் நல்ல சிலிண்டரின் நாசிலையும் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் நாசிலோடு சேர்ந்து நகர்ந்தால் நாசில். நகராமல் அங்கேயே நின்றால் வால்வு, ரிங், டேப்பட் (வால்வு இடைவெளி), அல்லது பம்பில் அந்தப் பைப்புக்கான பகுதி. அந்த நிலைமை வந்தால் மட்டும் பம்பைப் பற்றி யோசிக்கலாம். இவ்வளவு செய்யாமல் நாலு நாசிலும் பம்பும் மொத்தமாகக் கழற்றச் சொல்வது மொத்த பில் போடுவதற்குத்தான், கோபித்தாலும் பரவாயில்லை.

நாசில் கழற்றும்போது அடியில் செம்பு வாஷர் இருக்கும். அது ஓட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். பழையது உள்ளே இருக்க மேலே புதியதைப் போட்டால் நாசில் உயர்ந்துவிடும், ஸ்ப்ரே பிஸ்டனில் விழ வேண்டிய இடத்தில் விழாது, அப்புறம் புகைக்குக் காரணம் தேடி ஊர் சுற்ற வேண்டியதுதான்.


மஞ்சள்பலகை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பொலேரோ பிக்கப், காமன் ரெயில். ஐடிலில் இதே உதறல். நானும் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?


வெள்ளிமலை பட்டறை:

கூடாது! கூடவே கூடாது. நல்ல வேளை கேட்டீங்க. காமன் ரெயிலில் 1,000 பாருக்கு மேல் போகும், ஓடும்போது நட்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நான் மேலே எழுதியது பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு ஸ்கேனர் மாட்டி எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் திருத்தம் போகிறது என்று பார்க்கலாம், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு பார்க்கலாம். தனித் திரியாகப் போடுங்கள், இங்கே கலந்தால் யாராவது பாதியைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துவிடுவார்கள்.


நாமக்கல் லோடு:

டேங்க் கழற்றும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் தோப்புவண்டி. சில மாதம் நின்ற வண்டி என்கிறீர்கள். பாதி டேங்கோடு நின்றிருந்தால் மேலே இருக்கிற காலி இடத்தில் ராத்திரிக் குளிருக்கு வேர்த்துத் தண்ணீர் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேர்கிற கோட்டில் கறுப்பாக வழவழவென்று ஒன்று வளரும், ஜெல்லி மாதிரி. அழுக்கு இல்லை, கிருமி. நாங்கள் ஒரு வண்டியில் புது ஃபில்டர் போடப் போட அடைத்துக்கொண்டே இருந்தது, டேங்கை இறக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி வைத்தால் காலையில் தண்ணீர் தனியாக அடியில் நிற்கும்.

2டி ஆயில் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.


தோப்புவண்டி:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று. அப்பாவும் கூட இருந்தார், பாதி நேரம் எனக்குத் திட்டு.

டேங்கை இறக்கவில்லை. மேலே டீசல் அளவு காட்டுகிற கேஜ் யூனிட்டும் பிக்கப் பைப்பும் ஒன்றாக இறங்குகிற இடத்தில் ஸ்க்ரூ ஐந்தையும் கழற்றி யூனிட்டை மட்டும் வெளியே எடுத்தோம். பைப்பில் மேலிருந்து பாதிக்குக் கொஞ்சம் கீழே, கேஜ் தாங்குகிற தகடு வைத்துப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீர் வாளியில் முக்கி, மறு முனையில் வாயால் ஊதினோம், அந்த இடத்தில் மட்டும் குமிழி வந்தது. முள் பாதிக்குக் கீழே எங்கே தொல்லை ஆரம்பிக்குமோ கிட்டத்தட்ட அந்த உயரம்தான். பழைய டீசல் அண்ணா சொன்னது அச்சு அசலாக அப்படியே இருந்தது, அப்பாவே வாயடைத்துப் போனார்.

அடியில் இருந்த வலையில் கறுப்பு வழவழப்பு இருந்தது. பாட்டிலில் பிடித்ததில் தண்ணீர் ஒரு விரற்கடை அளவு. நாமக்கல் அண்ணாவுக்கு அந்த மட்டில் நன்றி.

அப்புறம் சொட்டுத் தண்ணீர் சோதனை. 1, 2, 4 சுர்ரென்றது, 3-ஆம் சிலிண்டரில் சொட்டு உருண்டு கீழே விழுந்தது. நட்டைத் தளர்த்திப் பார்த்ததிலும் 3-க்கு ஒரு மாற்றமும் இல்லை. நாசிலை 3-க்கும் 1-க்கும் மாற்றிப் போட்டோம், புது செம்பு வாஷர் போட்டுத்தான். மிஸ்ஸிங் 1-க்கு வந்துவிட்டது!

இப்போது கேள்விகள். பைப்பை எம்-சீல் வைத்து அடைக்கலாமா? நாசில் ஒன்று மட்டும் மாற்றலாமா, நாலும் மாற்ற வேண்டுமா? டேங்கை எப்படிச் சுத்தம் செய்வது, சோப்புத் தண்ணீர் விடலாமா? ஐடில் ஸ்க்ரூவைப் பழையபடி இறக்க எவ்வளவு திருப்ப வேண்டும்?


பழைய டீசல்:

மிஸ்ஸிங் நாசிலோடு நகர்ந்ததென்றால் கம்ப்ரஷனும் பம்பும் தப்பித்தன. 30,000 ரூபாய் தப்பித்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எம்-சீல் வேண்டாம். டீசலில் ஊறி ஒரு நாள் பெயர்ந்தால் துண்டு லைனுக்குள் போகும். பைப்பை யூனிட்டிலிருந்து தனியாகப் பிரிக்க முடிந்தால் பித்தளை வைத்துப் பற்றவைக்கலாம், ரேடியேட்டர் வேலை செய்கிறவர்கள் செய்து தருவார்கள். யூனிட்டே புதிதாகக் கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள், முள்ளும் சேர்ந்து சரியாகும். பற்றவைப்பது எதுவானாலும் டேங்கிலிருந்து தூரமாக, காய்ந்த பிறகு. டேங்கை வண்டியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் கேஸ் டார்ச் பிடிக்கிற வீரர்களை நான் பார்த்திருக்கிறேன். காலி டேங்க்தானே என்பார்கள், நிறைந்த டேங்கை விட ஆவி நிற்கிற காலி டேங்க்தான் வெடிக்கும்.

நாசில் விஷயம்: நாலையும் கழற்றி டெஸ்டரில் அடித்துப் பாருங்கள், அந்த வேலைக்குச் செலவு கம்மி. திறக்கிற அழுத்தம், ஸ்ப்ரே வடிவம், சொட்டு நிற்கிறதா, இந்த மூன்றும் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள், தடுத்தால் வேறு கடை. சொட்டுகிறதை மாற்றுங்கள். மற்ற மூன்றும் அழுத்தத்தில் ஒன்றுக்கொன்று கிட்ட வந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நாலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். மூன்றும் களைத்திருந்தால் நாலும் சேர்த்து மாற்றுவதுதான் நியாயம், இல்லாவிட்டால் புதியது ஒன்று மட்டும் நன்றாக எரிந்து மற்றவை சோம்ப, மறுபடி உதறும். பழைய மைகோ (இன்றைய பாஷ் கம்பெனி) நாசில் நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு ஊர் பேர் தெரியாத புதியதை வாங்காதீர்கள்.

கிருமி இருக்கிற டேங்குக்கு சோப்பு வேண்டாம், நுரை போகவே போகாது. டேங்கை இறக்கிவிடுங்கள், இனி இறக்காமல் முடியாது. கொஞ்சம் டீசலும் கைப்பிடி சுத்தமான ஜல்லியும் போட்டு இரண்டு பேர் ஆட்டி, கொட்டி, ஜல்லியை எண்ணி எடுங்கள், டேங்கைக் காயவையுங்கள். லைனைக் காற்றடித்து ஊதும்போது ஃபீட் பம்ப் பக்கம் கழற்றிவிட்டு ஊத வேண்டும், பம்புக்குள் அழுக்கைத் தள்ளக் கூடாது. ஃபில்டர் மறுபடி புதிது போடுங்கள், நீங்கள் மாற்றிய ஃபில்டர் இந்நேரம் கறுத்திருக்கும். வண்டி சும்மா நிற்கப் போகிறது என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.


வெள்ளிமலை பட்டறை:

ஐடில் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள். நாசில் போட்டு, ஏர் எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. எவ்வளவு திருப்புவது என்று கணக்கில்லை, மெக்கானிக் எவ்வளவு ஏற்றினார் என்று யாருக்குத் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள், உதறல் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். ஹெட்லைட் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி, அப்போதும் அணையாமல் நிற்கிறதா என்று பார்த்து லாக் செய்யுங்கள். பக்கத்தில் சீல் வைத்த இன்னொரு ஸ்க்ரூ இருக்கும், அது முழு டீசல் அளவு. அதைத் திருப்பினால் புல்லிங் கூடும் என்று எவனாவது சொல்வான். கரும்புகை கூடும், எஃப்.சி.யில் புகை கருவி முன்னால் நிற்கும்போது தெரியும்.

கையோடு டேப்பட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரிட்டர்ன் லைனில் நாசிலுக்கு நாசில் போகிற சின்ன ரப்பர் ஹோஸ் 2006-இல் போட்டதாக இருந்தால் அதை மாற்றாமல் மூடாதீர்கள், மீட்டர் கணக்கில் சல்லிசாகக் கிடைக்கும்.


தோப்புவண்டி:

நாசில் டெஸ்டரில் அடித்தாயிற்று. 3-இல் இருந்தது சொட்டுகிறது, ஸ்ப்ரே ஒரு பக்கமாகப் பீய்ச்சியது. இன்னொன்று அழுத்தம் குறைவு, ஷிம் வைத்தார்கள். மற்ற இரண்டும் நல்லவை. நாசில் ஒன்று மட்டும் புதிது. கேஜ் யூனிட் பொள்ளாச்சியில் இல்லை, கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவரை பித்தளை வைத்து ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு மூச்சு வெள்ளைப் புகை வருகிறது, உடனே தெளிந்துவிடுகிறது. இது போதுமா, இன்னும் தேட வேண்டுமா?


வெள்ளிமலை பட்டறை:

மார்கழிக் காலையில் பழைய டீசல் எஞ்சினுக்கு அது சகஜம். கண் எரியாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்தை மட்டும் வாரம் ஒரு முறை பாருங்கள், தண்ணீர் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகையும் நிற்காமல் வந்தால் அது ஹெட் கேஸ்கட், அப்போது புதுத் திரி போடுங்கள். வால்பாறைக்கு லோடு ஏற்றும் முன் ஒரு தடவை வேண்டுமென்றே கால் டேங்கில் ஆழியாறு வரை போய்ப் பாருங்கள், கேனில் 5 லிட்டர் பின்னால் இருக்கட்டும்.